இருங்காட்டுக்கோட்டையிலிருந்து மைசூர் மைன்ஸுக்கு

சென்னையிலிருந்து பெங்களூரு போகும் நெடுஞ்சாலையில், ஸ்ரீபெரும்புதூருக்குச் சற்று முன்னால் இருக்கிறது இருங்காட்டுக்கோட்டை. கார் பித்து பிடித்தவர்களுக்கு இந்த ஊர் இரண்டு வகையில் முக்கியம். ஹூண்டாய் தொழிற்சாலை இங்கேதான். 1998-இல் சான்ட்ரோ இங்கிருந்துதான் வெளியே வந்தது. மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்பின் பந்தயத் தடமும் இங்கேதான். 1953-இல் தொடங்கிய அந்தக் கிளப், சோழவரத்தின் பழைய விமான ஓடுதளத்தில் பல்லாண்டுகள் பந்தயம் நடத்திவிட்டு, 1990-இல் இங்கே தனக்கென ஒரு தடம் அமைத்துக்கொண்டது. என்னுடைய ஐ20 என் லைன் பிறந்த இடத்துக்கும், அதை முழு மூச்சாக ஓட்டிப்பார்க்கச் சட்டம் இடம் கொடுக்கும் தடத்துக்கும் நடுவே சில நிமிடத் தூரம்தான்.

எனக்குச் சொந்த ஊர் கே.ஜி.எஃப் என்கிற கோலார் தங்கவயலின் மைசூர் மைன்ஸ். வேலை ஸ்ரீபெரும்புதூர் பக்கம். ஊருக்குப் போக என்னிடம் எப்போதும் ஒரே பாதைதான்: வேலூர், காட்பாடி, குடியாத்தம், பேரணாம்பட்டு, மலை ஏறி வி.கோட்டா, பேத்தமங்கலம், கடைசியில் சுரங்கம். தமிழ்நாடு, ஆந்திரம், கர்நாடகம் என்று மூன்று மாநிலங்களைத் தொட்டுப் போகும் பாதை. இந்தப் பாதைக்காகத்தான் இப்படியொரு காரை வாங்கினேன் என்று சொன்னால் வீட்டில் இன்னும் யாரும் நம்புவதில்லை. ஆனால் அதுதான் உண்மை.

காரைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். என் லைன் பந்தயக் கார் இல்லை. 998 சிசி, மூன்று சிலிண்டர், டர்போ பெட்ரோல் என்ஜின். 120 பி.எஸ். சக்தி, 172 நியூட்டன் மீட்டர் டார்க். அந்த டார்க் 1,500 ஆர்.பி.எம்மிலேயே கைக்கு வந்துவிடும், 4,000 வரை தளராது. மலையில் லாரிக்குப் பின்னால் மெதுவாக ஊர்ந்துகொண்டிருந்துவிட்டு, வழி கிடைத்ததும் சட்டென்று எழ வேண்டிய நேரத்தில் இதன் அருமை தெரியும். சாதாரண ஐ20-ஐவிட இதன் சஸ்பென்ஷன் இறுக்கம், ஸ்டீயரிங் கனம், நாலு சக்கரத்துக்கும் டிஸ்க் பிரேக். 2021-இல் வந்தபோது கிளட்ச் பெடல் இல்லாத ஐ.எம்.டி., இல்லையென்றால் டி.சி.டி. ஆட்டோமேட்டிக், இவ்வளவுதான் இருந்தது. 2023-இல் ஆறு கியர் மேனுவல் கொடுத்தார்கள். நான் காத்திருந்தது அதற்காகத்தான்.

இந்த மாதிரிக் கார்களுக்கு ஏன் இவ்வளவு சின்ன என்ஜின் என்று கேட்பவர்கள் உண்டு. நாலு மீட்டர் நீளத்துக்குள், 1,200 சிசி பெட்ரோல் என்ஜினுக்குள் அடங்கினால் நம் நாட்டில் வரி குறைவு. அதனால் இங்கே யார் வேகக் கார் செய்தாலும் என்ஜினைப் பெரிதாக்காமல், சின்ன என்ஜினில் டர்போவைப் பூட்டித்தான் செய்தாக வேண்டும். என் கூட்டாளிகள் வைத்திருக்கும் கார்களும் அப்படித்தான். ஒருவரிடம் போக்ஸ்வேகன் போலோ ஜி.டி. டி.எஸ்.ஐ. இன்னொருவரிடம் டாடா டியாகோ ஜே.டி.பி.; கோயம்புத்தூர் ஜெயம் ஆட்டோமோட்டிவ்ஸும் டாடாவும் சேர்ந்து 2018-இல் கொண்டுவந்தது. போலோ 2022-இல் நின்றுவிட்டது. ஜே.டி.பி. இரண்டு வருடம்கூடத் தாக்குப்பிடிக்கவில்லை. 2015-இல் 145 குதிரைத்திறனோடு வந்த ஃபியட் புன்டோ அபார்த்தும் போய்விட்டது. நல்ல கார்கள் எல்லாம். பாராட்டியவர்கள் நிறைய, வாங்கியவர்கள் கொஞ்சம். அதனால்தான் இவற்றை வைத்திருப்பவர்கள் ஒருவரையொருவர் விடாமல் தேடிக்கொள்கிறோம். எந்த டயர் மழையில் பிடிக்கிறது, எந்த மெக்கானிக் கையில் நம்பிக் கொடுக்கலாம், என்ஜினைக் கட்டுப்படுத்தும் ஈ.சி.யூ.வை ரீமேப் செய்தால் வாரண்டி என்ன ஆகும் என்ற பேச்சு டீக்கடையில் தொடங்கினால் வெயில் ஏறும்வரை முடியாது.

விடியலில் கிளம்பினால் நெடுஞ்சாலை சீக்கிரம் ஓடிவிடும். சுங்குவார்சத்திரம், காஞ்சிபுரம் பிரிவு, வாலாஜாபேட்டை, ஆற்காட்டுப் பக்கம். இந்தப் பகுதியைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. நேர் சாலையில் எந்தக் காரும் நல்ல கார்தான்.

வேலூரைத் தாண்டிக் காட்பாடிக்குத் திரும்பும்போது பாலாற்றுப் பாலம். வருடத்தில் பெரும்பாலான நாள் அங்கே மணல்தான். நந்தி மலைப் பக்கம் பிறந்து கர்நாடகத்தில் 93 கிலோமீட்டர், ஆந்திரத்தில் 33, தமிழ்நாட்டில் 222 என்று ஓடுகிற ஆறு இது. இந்தப் பயணம் முடியும் இடத்துக்குப் பக்கத்தில் இதே ஆறு மறுபடி வரும்.

காட்பாடியிலிருந்து குடியாத்தம். லுங்கித் தறியும் தீப்பெட்டித் தொழிலும் உள்ள ஊர். முதலமைச்சரான பிறகு காமராசர் 1954-இல் சட்டமன்றத்துக்கு நின்று வென்ற தொகுதியும் இதுதான். எனக்கு இந்த ஊர் அதற்கு முன்பே முக்கியமாகிவிட்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் கோலார் சுரங்கங்களுக்கு ஆள் போனது பெரும்பாலும் பழைய வட ஆற்காடு மாவட்டத்திலிருந்துதான். குடியாத்தம், வேலூர், சித்தூர்ப் பக்கத்து ஊர்கள். நிலம் இல்லாதவர்கள், சேரிகளில் இருந்தவர்கள், பஞ்சத்துக்குத் தப்பியவர்கள். என் பாட்டனாரின் தகப்பனார் வந்தது குடியாத்தத்துக்குப் பக்கத்து ஊரிலிருந்து என்றுதான் எங்கள் வீட்டுப் பேச்சு. கிராமத்தில் பெயர் சொல்லிக் கூப்பிடக்கூட யோசித்த ஆண்டைகளிடமிருந்து விலகி, வாரக்கூலி கையில் வாங்கும் இடத்துக்குப் போவது அன்றைக்குப் பெரிய விடுதலை. அந்த விடுதலை பூமிக்கு அடியில் இருந்தது என்பது அப்புறம் தெரிந்த சேதி.

பேரணாம்பட்டு தாண்டினால் என் மனம் விழித்துக்கொள்ளும். தோல் பதனிடும் ஊரின் வாசனை பின்னால் போகப் போக, முன்னால் மலை எழும். பத்தலப்பல்லி மலைப்பாதை. பெங்களூருக்கும் முல்பாகலுக்கும் போகும் தேசிய நெடுஞ்சாலை 75 இதன் வழியாகத்தான் ஏறுகிறது. கீழே வெயில் காயும் சமவெளி. மேலே கடல் மட்டத்திலிருந்து 800 மீட்டருக்கு மேல் உயர்ந்த பீடபூமி. அந்த உயரத்தை எட்டக் கொண்டை ஊசி வளைவுகளை விட்டால் வேறு வழியில்லை.

இங்கேதான் இந்தக் காரின் குணம் தெரியும். வளைவுக்குள் நுழைந்த பிறகு பிரேக் போடக்கூடாது. நுழையும் முன்பே, கார் நேராக இருக்கும்போதே போட்டு முடித்துவிட வேண்டும். போட்டதும் இரண்டாவது கியர். கிளட்சை விடும் முன் ஆக்சிலரேட்டரை லேசாகத் தட்டி என்ஜினை எழுப்பிவிட்டால் வண்டி குலுங்காது. ஸ்டீயரிங்கை ஒரே இழுப்பாகத் திருப்பி, வளைவின் உள்விளிம்பு கண்ணுக்குத் தெரிந்த பிறகுதான் மிதிக்க வேண்டும். அப்போது முன் டயர்கள் தரையைப் பிடித்திருப்பது உள்ளங்கையில் தெரியும். மணல் கிடந்தால் தெரியும், தார் புதிதாகப் போட்ட இடம் தெரியும், முந்தின இரவு மழை பெய்திருந்தால் அதுவும் தெரியும். மணிக்கு நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் கிடைக்கும் இந்த ஆனந்தத்துக்கு நேர் சாலையின் நூற்றிருபது ஈடாகாது.

இது என் காரின் தனிப் பெருமை இல்லை. 1964-இல் மான்டி கார்லோ ராலியில், தன்னைவிடப் பல மடங்கு சக்தியுள்ள பெரிய கார்களை வென்றது பொம்மை போலச் சின்னதாக இருந்த மினி கூப்பர் எஸ். பனியும் வளைவும் உள்ள மலைச் சாலையில் எடை குறைவும் சின்ன உடம்பும் எவ்வளவு பெரிய பலம் என்று அந்த வருடம் ஐரோப்பா பார்த்தது. 1976-இல் கோல்ஃப் ஜி.டி.ஐ. வந்த பிறகு இது ஒரு வகையாகவே நிலைத்தது: வாரம் முழுக்கக் குடும்பத்தைச் சுமக்கும், விடுமுறையில் மலை ஏறும். பத்தலப்பல்லி ஆல்ப்ஸ் இல்லை. ஆனால் வளைவு எங்கேயும் வளைவுதான்.

மலையில் எனக்கு ஓட்டக் கற்றுத்தந்தவர் போலோ வைத்திருக்கும் அண்ணன். முதல் தடவை கூட வந்தபோது, மேலிருந்து இறங்கிக்கொண்டிருந்த நான் எதிரே ஏறிவந்த தக்காளி லாரிக்கு விளக்கைச் சிமிட்டி வழி கேட்டேன்.

"தம்பி, ஒதுங்கு. ஏறுறவனுக்குத்தான் முதல் வழி. அவன் ஒருதடவ நின்னுட்டா மறுபடி எடுக்கறது எவ்வளவு கஷ்டம் தெரியுமா?"

சட்டமும் அதைத்தான் சொல்கிறது. மலைச் சாலையில், இரண்டு வண்டி ஒன்றையொன்று கடக்க இடம் போதாத இடத்தில், இறங்கும் வண்டிதான் ஒதுங்கி நிற்க வேண்டும். சரக்கோடு இறங்கும் லாரிக்காரர் கியரில் பிடித்துக்கொண்டு, பிரேக்கை முடிந்தவரை சூடாக்காமல் வருவார். அவருக்குப் பின்னால் ஹாரன் அடித்து அவசரப்படுத்துவது கொலைக்குச் சமம். இந்தக் காட்டில் யானையும் உண்டு. ஆந்திரத்துக் கவுண்டன்யா சரணாலயம் இந்த மலைத் தொடரில்தான் இருக்கிறது. எங்கள் கூட்டத்தில் இருட்டில் மலை ஏறக்கூடாது என்பது எழுதாத விதி. பந்தயம் போடுவதும் கிடையாது. யார் முதலில் மேலே போனார்கள் என்று யாரும் கேட்பதில்லை. வேகம் வேண்டுமென்றால் இருங்காட்டுக்கோட்டையில் பணம் கட்டி, ஹெல்மெட் போட்டுக்கொண்டு ஓட்டலாம். கோவையில் கரி ஸ்பீட்வே இருக்கிறது. ஆம்புலன்ஸ் தயாராக நிற்கும் இடத்தில் விடவேண்டிய வேகத்தை, பள்ளிக்கூடப் பிள்ளைகள் நடந்து போகும் சாலையில் விடுபவன் கார்ப் பிரியன் இல்லை.

மலை முடிந்ததும் காற்று மாறும். நாயக்கனேரி தாண்டி வி.கோட்டா. தெலுங்கும் தமிழும் கன்னடமும் ஒரே கடையில் பேசப்படும் ஊர். தேசிய நெடுஞ்சாலை இங்கிருந்து முல்பாகல் பக்கம் போய்விடும். நாம் அதை விட்டுப் பேத்தமங்கலத்துக்குத் திரும்புகிறோம்.

இந்தப் பக்கம்தான் பெங்களூரு-சென்னை அதிவிரைவுச் சாலையும் வருகிறது. ஹொசகோட்டையிலிருந்து தொடங்கும் அதன் கர்நாடகப் பகுதி, 71 கிலோமீட்டர், 2024 கடைசியில் வண்டிகளுக்குத் திறந்துவிடப்பட்டது. முழுதும் முடிந்தால் அதன் கிழக்கு முனை ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் இருக்கும். என் வீட்டுக்கும் வேலைக்கும் நடுவே ஒரு நேர்கோடு போட்டதுபோல. நோயாளியை வேலூருக்குக் கொண்டுபோகும் கே.ஜி.எஃப் குடும்பங்களுக்கு அது பெரிய உதவி. அது சீக்கிரம் முடியட்டும் என்றே விரும்புகிறேன். ஆனால் உடம்பு நன்றாக இருக்கும் நாளில் நான் பத்தலப்பல்லி வழியாகத்தான் வருவேன்.

பேத்தமங்கலத்தில் பாலாறு மறுபடி வருகிறது, இந்தத் தடவை ஏரியாக. வேலூரில் மணலாகக் கிடந்த ஆறு இங்கே தேங்கி நின்று, பல தலைமுறைகளாகத் தங்கவயலுக்குத் தண்ணீர் கொடுத்தது. மைசூர் அரசு 1902-இல் சிவசமுத்திரத்திலிருந்து சுமார் 147 கிலோமீட்டருக்குக் கம்பி இழுத்துச் சுரங்கத்துக்கு மின்சாரம் கொண்டுவந்ததை எல்லோரும் பெருமையாகச் சொல்வார்கள். இந்த ஏரியை யாரும் அப்படிச் சொல்வதில்லை. சொல்ல வேண்டும்.

அப்புறம் ராபர்ட்சன்பேட்டை. எம்.ஜி. மார்க்கெட்டில் கூட்டம். தமிழில் பேரம். சாம்பியன் ரீஃப்ஸில் கிஃபோர்ட் ஷாஃப்டின் இரும்புக் கோபுரம் தூரத்திலேயே தெரியும். மூன்று கிலோமீட்டருக்கும் கீழே வரை தோண்டிய சுரங்கம். அந்த ஆழத்தில் பாறையே கொதிக்கும். பாறை அழுத்தம் தாங்காமல் திடீரென்று வெடித்தால் மேலே தொழிலாளர்களின் லைன் வீடுகளில் பாத்திரம் ஆடும். அப்படி ஆடியதும் பெண்கள் ஷாஃப்ட் வாசலுக்கு ஓடிய கதை இங்கே ஒவ்வொரு வீட்டிலும் உண்டு.

கடைசியில் மைசூர் மைன்ஸ், அதையொட்டி மாரிக்குப்பம் ரயில் நிலையம். பங்காருப்பேட்டையிலிருந்து வரும் கிளைப் பாதை இங்கே முடிகிறது. 2001 பிப்ரவரி 28-இல் சுரங்கத்தை மூடிய பிறகு இந்த ஊரைப் பிழைக்க வைத்தது அந்த ரயில்தான். இருட்டு விலகும் முன் ஏறிப் பெங்களூருக்கு வேலைக்குப் போய், இரவில் திரும்புகிறார்கள் எங்கள் ஆட்கள். கார் வாங்கும் வசதி எனக்கு வந்தது, என் அப்பா பல வருடம் அந்த ரயிலில் நின்றுகொண்டே போய்வந்ததால். இதை இங்கே எழுதி வைக்க விரும்புகிறேன்.

சாலையின் இந்த முனைக்கு வருகிற கார்ப் பிரியர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். 2018-இல் கே.ஜி.எஃப் படம் வந்த பிறகு இங்கே வண்டியோடு வருபவர்கள் அதிகம். வாருங்கள், சந்தோஷம். ஆனால் சயனைடு மேடுகள்மேல் காரை ஏற்றாதீர்கள். தங்கம் பிரித்த பிறகு கொட்டிய அந்தச் சாம்பல் நிற மண், படம் எடுக்க அழகாக இருக்கும். மழை பெய்யும்போது அதன் மேல்பரப்பு இறுகி ஒரு தோல்போல ஆகும். அந்தத் தோலை டயர் கிழித்துவிட்டால், அடுத்து அடிக்கும் காற்றில் அடியிலிருக்கும் தூசி கிளம்பி லைன் வீடுகளுக்குள் போகும். சுரங்கத்தில் நுரையீரலைக் கொடுத்துவிட்டு வந்த கிழவர்கள் அந்த வீடுகளில் படுத்திருக்கிறார்கள். காரைக் கீழே சாலையில் நிறுத்திவிட்டு, தள்ளி நின்று பாருங்கள்.