அம்மாவின் வளையல் 60.32 மில்லிமீட்டர்!

பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்த வாரம். அம்பத்தூரில் ஒரு சின்ன வீடு.

"ஐடிஐ-யில ஃபிட்டர் சேரப் போறேன்" என்றாள் மகள்.

"படிப்பு வராத பசங்க போற இடம்டி அது. அண்ணன் மாதிரி இன்ஜினீயரிங் படி."

"அண்ணன் படிச்சிட்டு என்னம்மா பண்றான்?"

அம்மாவிடம் பதில் இல்லை. இன்டர்வியூவில் வெர்னியர் காலிப்பரைக் கொடுத்து அளக்கச் சொன்னபோது திணறித் திரும்பியவன் அவன். இப்போது பைக்கில் சாப்பாடு டெலிவரி. கல்விக்கடன் தவணை மட்டும் மாதம் தவறாமல் வந்துவிடுகிறது.

மகள் அரசு ஐடிஐ-யில் சேர்ந்தாள். மாதம் 750 ரூபாய் உதவித்தொகை, பஸ் பாஸ். அரசுப் பள்ளியில் படித்ததால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய்.

முதல் சில வாரங்கள் அரம் பிடித்து இரும்பைத் தேய்ப்பதுதான் வேலை. உள்ளங்கை கொப்பளித்துவிட்டது. தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டே, "விட்டுடேன்டி" என்றாள் அம்மா.

"மூலமட்டத்தை வெச்சுப் பார்க்கும்போது இடையில வெளிச்சம் தெரியக் கூடாதும்மா. இன்னைக்குக் கொஞ்சம்தான் தெரிஞ்சுது!"

தமிழகத்தில் 71 அரசு ஐடிஐ-களை ரோபோ, சிஎன்சி என நவீனமாக்க 2022-ல் டாடா டெக்னாலஜிஸுடன் அரசு ஒப்பந்தம் போட்டது. திட்ட மதிப்பு சுமார் 2,877 கோடி ரூபாய். ஆனால், எந்த இயந்திரம் வந்தாலும், அதிலிருந்து வெளிவரும் பொருள் சரியா, தவறா என்று சொல்ல அளக்கத் தெரிந்த ஆள் வேண்டும். 'ஆள் கிடைக்கல' என்று கம்பெனியும், 'வேலை கிடைக்கல' என்று பட்டதாரியும் ஒரே தெருவில் புலம்புவது இதனால்தான்.

உதவித்தொகையைச் சேர்த்து, மகள் சொந்தமாக ஒரு வெர்னியர் வாங்கினாள். அன்றிரவு டெலிவரி முடித்து வந்த அண்ணன், வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"எப்படிப் பார்க்கணும்னு சொல்லித் தர்றியா?"

அவள் கிண்டல் செய்யவில்லை. அம்மாவின் வளையலைக் கழற்றி வாங்கி, உள்விட்டத்தை அளக்கச் சொன்னாள். இரண்டு முறை தப்பினான். மூன்றாவது முறை, "60.32" என்றான்.

"என் சைஸ் 2.6 ஆச்சேடா?"

"2 இன்ச், அதோட ஒரு இன்ச்சை 16 பங்காக்கினா அதுல 6 பங்கு. அதைத்தாம்மா கடைக்காரர் 2.6-ன்னு சொல்றார். கணக்குப் போட்டா இதேதான் வரும்" என்றாள் மகள்.

மறுநாள் காலையில் அண்ணன் பட்டதாரிகளுக்கான அப்ரன்டிஸ் பயிற்சிக்கு மொபைலில் விண்ணப்பித்தான்.

பக்கத்து வீட்டு அக்கா வந்து, "பையன் என்னதான் பண்றான்?" என்று வழக்கம்போலக் கேட்டார்.

"பொண்ணுகிட்ட தொழில் கத்துக்குறான்" என்றாள் அம்மா.