வேலி அறியாத நோய்

யாழ்ப்பாணத்து வீடுகளிற் பூனை வளர்க்கப்படுகின்றது என்று கூறுவதிலும், பூனை வந்து வாழ்கின்றது என்று கூறுவதே பொருந்தும். ஒரு வீட்டின் அடுக்களையில் மீன்தலை, மற்றொரு வீட்டின் விறாந்தையில் உறக்கம், இரவில் வேறெங்கோ வேட்டை என அது தன் நாளைக் கழிக்கின்றது. அரியாலையில் எங்கள் வளவையும் அயல் வளவையும் பிரித்து நிற்கும் கிடுகுவேலி மனிதருக்கே எல்லையாகும். எல்லைக் கதியால் ஒன்றைப் பற்றி எழுந்த பிணக்கினால் இரு வீட்டாரும் நெடுங்காலம் பேசுவதில்லை. பூனைகளோ வேலிப்பொட்டின் வழியே நாள்தோறும் சென்று வந்தன.

சென்ற ஆண்டு எங்கள் பூனை ஓயாது தலையை உதறியும், பின்னங்காலாற் செவியைப் பிறாண்டியும் வருந்தத் தொடங்கியது. செவியினுள்ளே கோப்பித்தூளை ஒத்த கரிய அழுக்குப் படிந்திருந்தது. "பூனைக்கும் டொக்குத்தரோ?" என்று அம்மம்மா நகைத்தார். எனினும், அதனைக் கொண்டு செல்வதற்குக் கூடை தேடித் தந்தவரும் அவரே.

மிருக வைத்தியர் செவியினுள் ஒளிபாய்ச்சி, செவிப்பறை பழுதின்றி இருப்பதை முதலில் உறுதிசெய்தார். பின்னர் அழுக்கிற் சிறிது எடுத்து நுணுக்குக்காட்டியின்கீழ் வைத்து என்னையும் பார்க்கச் சொன்னார். வெண்ணிறச் சிற்றுயிர்கள் கால்களை அசைத்து ஊர்ந்துகொண்டிருந்தன. ஓட்டோடெக்ரிஸ் சைனோரிஸ் என்பது இச்சிற்றுண்ணியின் பெயர். செவி கடிப்பது, நாய்ச்செவி என்னும் பொருளுடைய கிரேக்கச் சொற்களிலிருந்து அப்பெயர் அமைந்தது. நாயின் பெயரைத் தாங்கிப் பூனையை வருத்தும் இவ்வுயிர் அரை மில்லிமீற்றர் நீளமும் அற்றது. தோலைத் துளைத்து உட்புகாது அதன் மேற்பரப்பிலேயே வாழ்கின்றது. முட்டை முதிர்ந்த உண்ணியாவதற்கு ஏறத்தாழ மூன்று வாரங்கள் செல்லும்.

இத்தினவின் கொடுமையைப் பூனை கூறமாட்டாது. ஆயின், மனிதர் ஒருவர் கூறியுள்ளார். அமெரிக்க மிருக வைத்தியரான றொபேட் லோப்பெஸ், பூனையின் செவியுண்ணிகளைத் தமது செவியிலேயே இட்டுச் சோதித்தார். உண்ணிகள் ஊரும் ஓசையும் கடுந்தினவும் தம்மை இரவில் உறங்கவிடவில்லை என அவர் 1993இல் எழுதினார். நகைப்பையும் சிந்தனையையும் ஒருங்கே தூண்டும் ஆய்வுகளுக்கான இக் நோபல் பரிசு 1994இல் அவருக்குக் கிடைத்தது. அவர் தப்பினார். பூனையோ பிறாண்டிப் பிறாண்டிக் குருதிக்கலன் வெடித்துச் செவிமடல் வீங்கும்வரை துன்புறுகின்றது.

மருந்து இல்லாத நோயன்று இது. யப்பானிய மண்ணிற் கண்டெடுக்கப்பட்ட நுண்ணுயிரொன்றிலிருந்து ஐவர்மெக்ரின் என்னும் மருந்து பிறந்தது. அதன் பொருட்டுச் சட்டோஷி ஒமுராவும் வில்லியம் கம்பெலும் 2015ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசிற் பங்குபெற்றனர். அதே குடும்பத்தைச் சேர்ந்த செலமெக்ரினைப் பிடரித் தோலில் விட்டால், அது குருதியிற் கலந்து செவியைச் சென்றடையும். எனினும், மருந்தையும் அளவையும் மிருக வைத்தியரே வரையறுத்தல் வேண்டும். நாய்க்கென விற்கப்படும் பேர்மெத்திரின் கலந்த மருந்து பூனையைக் கொன்றுவிடக்கூடும். மண்ணெண்ணெயும் ஆகாது, பஞ்சுக் குச்சியை ஆழச் செலுத்துதலும் ஆகாது.

இவற்றையெல்லாம் விளக்கிய மருத்துவர் இறுதியாக, "இது பழகும் பூனைகளுக்கு யார் மருந்து விடுவது?" என்று வினவினார். உண்ணி ஒரு செவியிலிருந்து மறு செவிக்குத் தொடுகையால் தாவுவது. ஒன்றைக் குணப்படுத்தி மற்றொன்றை விடுதல், ஓட்டைக் குடத்தில் நீர் வார்த்தலை ஒக்கும்.

ஆகவே, மருந்தோடு அயல்வீட்டுப் படலையைத் திறந்தேன். அங்கிருந்த மாமி என்னை ஏற இறங்கப் பார்த்தார். செய்தியைக் கேட்டபின், "எங்கடையும் காதைத்தான் பிறாண்டுது, பிள்ளை. நான் பிடிக்கிறன், நீ விடு" என்றார். அடுத்த மாதமும் அதே நாளில் இரு வீட்டுப் பூனைகளுக்கும் மருந்து விட்டோம். மீளப் பரிசோதித்தபோது செவிகள் தூய்மையாயிருந்தன.

கதியாற் பிணக்கு இன்னும் தீர்ந்தபாடில்லை. அதனைத் தீர்க்கும் மருந்தை நான் கொண்டு செல்லவுமில்லை. ஆயின், தன் வளவுக்குள் மட்டும் நலத்தைக் காத்துக்கொள்ளலாம் என்று கருதுவோர்க்கு இச்சிற்றுண்ணி இடந்தருவதில்லை. அயலவரும் உடன்பட்டுச் செய்தாலே இம்மருத்துவம் நிலைத்த பயன் தரும் என்பதே நான் கண்ட உண்மை.