கூர்மையாய்த் தெரிந்தது, மங்கலாய்ப் பதிந்தது



இந்த வாரத் தியானம் ஒரு பழைய கேமராவைப் பற்றியது. அந்தக் கேமராவில் நான் செய்த தவறு ஒன்றைப் பற்றியது என்று சொன்னால் இன்னும் சரியாக இருக்கும். தவற்றினால் வருந்தியவர்களின் அனுமதியைப் பெற்ற பின்னரே இதை எழுதுகிறேன்.

கெலமங்கலம் கடைவீதியில் ஒரு காலத்தில் ஸ்டூடியோ வைத்திருந்த பெரியவர் ஒருவர் நம் சபையில் இருக்கிறார். 1980-களில் ஓசூர் சிப்காட்டில் தொழிற்சாலைகள் பெருகியபோது, வேலைக்கு மனுப்போடச் சென்ற இவ்வூர் இளைஞர்களுக்கெல்லாம் பாஸ்போர்ட் அளவுப் படம் எடுத்துக்கொடுத்தவர் அவரே. தமிழ், தெலுங்கு, கன்னடம் ஆகிய மூன்று மொழிகளிலும் "அசையாதீர்கள்" என்று சொல்லத் தெரிந்தவர் என்று அவரை வேடிக்கையாகச் சொல்வதுண்டு. நம் ஆலயத்தின் திருமணங்களும் ஞானஸ்நானங்களும் பல ஆண்டுகள் அவருடைய யாஷிகா மேட் 124ஜி கேமராவிலேயே பதிவாயின. ஊட்டியின் இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் தயாரித்த 'இந்து' ஃபிலிமைப் பற்றி அவர் இன்றும் பேசுவார். ஸ்டூடியோவை மூடிய பின்பும் கேமராவை மூடி வைக்கவில்லை. பெங்களூரிலிருந்து ஃபிலிம் வரவழைத்து, சபையின் முதியவர்களை ஒவ்வொருவராகப் படம் எடுத்துவந்தார்.

அந்தக் கேமராவைப் பார்த்திராத இளையோருக்குச் சற்று விளக்க வேண்டும். ஜெர்மனியின் பிரவுன்ஷ்வைக் நகரில் ஃபிராங்கே, ஹைடெக்கே நிறுவனம் 1929-இல் வெளியிட்ட ரோலைஃபிளெக்ஸ் கேமராவின் வழியில் வந்தது இது. இந்தியாவின் முதல் பெண் பத்திரிகைப் புகைப்படக் கலைஞர் ஹோமாய் வியாரவாலா, சுதந்திரக் காலத்துத் தலைவர்களைப் படம் எடுக்கப் பயன்படுத்தியவற்றுள் ரோலைஃபிளெக்ஸும் ஒன்று. இவ்வகைக் கேமராவின் முகப்பில் ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு லென்சுகள் உண்டு. கீழ் லென்ஸ் ஃபிலிமில் படத்தைப் பதிக்கிறது. மேல் லென்ஸ் நாம் பார்ப்பதற்காக மட்டுமே இருக்கிறது. மேல் லென்சின் வழியாக வரும் ஒளி, உள்ளே சாய்வாக வைத்த கண்ணாடியில் பட்டு மேலெழும்பி, ஒரு மங்கலான தகட்டின்மேல் உருவமாக விழுகிறது. அந்தத் தகடுதான் ஃபோகஸிங் ஸ்கிரீன். தமிழில் குவியத்திரை எனலாம். படம் எடுப்பவர் குனிந்து அதைப் பார்த்துக்கொண்டே பக்கத்துத் திருகைச் சுழற்றுவார். திரையில் முகம் கூர்மையானதும் விசையை அழுத்துவார்.

இங்கே கவனிக்கவேண்டியது ஒன்று உண்டு. அவர் பார்ப்பது ஃபிலிமை அல்ல, திரையை. திரையில் கூர்மையாகத் தெரிவது ஃபிலிமிலும் கூர்மையாக விழவேண்டுமானால், மேல் லென்சிலிருந்து திரைக்குள்ள தூரமும் கீழ் லென்சிலிருந்து ஃபிலிமுக்குள்ள தூரமும் சமமாக இருக்கவேண்டும்.

பெரியவருக்கு வயது எழுபத்தெட்டு. "திரை இருட்டாகிக்கொண்டே போகிறது, ஐயா. ஓரமெல்லாம் தெரியவில்லை" என்று ஒருநாள் வருந்தினார். மங்கிப்போன பழைய திரைகளுக்குப் பதிலாகப் பொருத்தும் பிரகாசமான திரைகள் விலைக்குக் கிடைக்கின்றன என்று அறிந்து, அவருடைய பிறந்தநாளுக்கு ஒன்றை வரவழைத்தேன். அதில் மிக நுண்ணிய வட்டவட்டமான வரிகள் இருக்கும். ஃபிரெனெல் என்ற பிரெஞ்சு அறிஞர் 1820-களில் கலங்கரை விளக்கங்களுக்காக வடிவமைத்த லென்சின் தத்துவமே அது. ஓரங்களில் சிதறிப்போகும் ஒளியை அவ்வரிகள் வளைத்துக் கண்ணை நோக்கித் திருப்புகின்றன. அதனால் மூலைவரை வெளிச்சம் நிறைகிறது.

நானே அதைப் பொருத்தினேன். மேல்மூடியின் சிறு திருகுகளைக் கழற்றி, கவ்விகளை விலக்கி, பழைய திரையை எடுத்துவிட்டுப் புதியதை வைத்தேன். அரைமணி நேர வேலை. பெரியவர் குனிந்து பார்த்து, "விடிந்தாற்போல இருக்கிறதே, ஐயா!" என்றார். அன்று இரவு நான் மனநிறைவோடு உறங்கினேன்.

அடுத்த மாதம், சபையிலேயே மூத்தவரான தாயார் ஒருவரை அவருடைய வீட்டிலேயே நாற்காலியில் அமர்த்தி, ஒரு முழுச் சுருளையும், அதாவது பன்னிரண்டு படங்களையும், பெரியவர் எடுத்தார். மூன்று வாரங்களில் அந்தத் தாயார் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். பிறகுதான் சுருள் கழுவி வந்தது. பன்னிரண்டு படங்களிலும் முகம் பஞ்சுபோல மங்கியிருந்தது. அவருக்குப் பின்னால் சுவரில் தொங்கிய காலண்டரின் எண்களோ ஒவ்வொன்றாக எண்ணும்படி தெளிவாக இருந்தன.

பெரியவர் என்னிடம் வந்து, "என் கண் போய்விட்டது, ஐயா. இனி நான் யாரையும் எடுக்கக்கூடாது" என்றார். நான் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு, முதுமையைப் பற்றியும், நம் பெலன் குறையும்போது கர்த்தரைச் சார்ந்திருப்பதைப் பற்றியும் ஆறுதலாகப் பேசினேன். ஜெபமும் செய்தேன். போகும்போது அவர் கேமராவை என் மேசைமீது வைத்து, "நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லிச் சென்றார்.

எட்டு மாதங்கள் அது என் அலமாரியில் இருந்தது. ஒரு மாலையில் அதை எடுத்துக்கொண்டு ஊருக்கு வெளியே சென்று, தொலைவில் தெரிந்த பாறைக்குன்றை நோக்கினேன். திருகை அதன் கடைசி எல்லைவரை சுழற்றியும் குன்று திரையில் கூர்மையாகவில்லை. மிகத் தொலைவிலுள்ள பொருள் அந்த எல்லையில் கூர்மையாகியே தீரவேண்டும். எனக்குச் சந்தேகம் பிறந்தது.

வீட்டுக்கு வந்து, பின்கதவைத் திறந்து, ஃபிலிம் தங்கும் தண்டவாளங்களின்மேல் மங்கலான ஒட்டுநாடாவை இறுக்கமாக ஒட்டினேன். ஷட்டரைத் திறந்த நிலையிலேயே நிறுத்தி, இரண்டு மீட்டர் தொலைவில் ஒரு விளக்கை வைத்தேன். மேல்திரையில் விளக்கு கூர்மையாக இருந்தபோது, ஒட்டுநாடாவில் மங்கியிருந்தது. திரையைக் கழற்றிப் பார்த்தேன். கீழ்நோக்கி, சாய்ந்த கண்ணாடியின் பக்கம் இருக்கவேண்டிய மங்கல் முகம் மேல்நோக்கி இருந்தது. நான் அதைத் தலைகீழாகப் பொருத்தியிருந்தேன்.

தகட்டின் தடிமன் ஏறத்தாழ ஒன்றரை மில்லிமீட்டர். அதனூடே ஒளி வளைவதைக் கழித்தாலும் பிழை ஒரு மில்லிமீட்டர் வரும். 80 மில்லிமீட்டர் லென்சில் அந்த ஒரு மில்லிமீட்டர், 2 மீட்டரில் நிற்கவேண்டிய கூர்மையை ஏறக்குறைய 2.8 மீட்டருக்குத் தள்ளிவிடும். அமர்ந்திருந்த முகத்திலிருந்து பின்சுவரிலிருந்த காலண்டருக்குச் சரியாக அவ்வளவுதான் தூரம்.

பிரியமானவர்களே, அந்த இரவில் ஆசாரியனாகிய ஏலியை நினைத்தேன். தேவாலயத்தில் அன்னாள் மனங்கசந்து ஜெபித்தபோது, அவளுடைய உதடுகள் அசைவதையும் சத்தம் வராததையும் ஏலி நன்றாகவே கவனித்தான். கண்டதில் பிழையில்லை. ஆனால் கண்டதைக்கொண்டு அவளை வெறித்திருக்கிறவள் என்று தீர்த்தான் என்பதை 1 சாமுவேல் முதலாம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். அவன் பார்த்த உதடுகள் கூர்மையாகத் தெரிந்தன. அவளுடைய இருதயம் அவனுக்குப் புலப்படவில்லை. நானும் அப்படியே அந்தப் பெரியவரின் கண்களைத் தீர்த்தேன். என் தீர்ப்பை ஆறுதல் என்று எண்ணினேன். ஜெபத்தினாலும் அதற்கு முத்திரையிட்டேன். என் கைவேலையை ஒருமுறை சோதித்துப் பார்க்கவேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. திரை பிரகாசமாக இருந்ததே போதும் என்றிருந்துவிட்டேன்.

மறுநாள் காலையில் அவரிடம் சென்று சொன்னேன். உண்மையைச் சொல்லுகிறேன், வழியில் இரண்டு முறை திரும்பிவிட நினைத்தேன். நான் சொல்லாவிட்டால் அவருக்குத் தெரியப்போவதில்லை. போதகர் தவறினார் என்பதைவிட முதியவரின் கண் மங்கியது என்பதை ஊர் எளிதில் ஏற்றுக்கொள்ளும். குற்றங்களை ஒருவருக்கொருவர் அறிக்கையிடும்படி யாக்கோபு எழுதியதை நான் எத்தனையோ முறை பிரசங்கித்திருக்கிறேன். அதைச் சுமந்துகொண்டு ஒரு வீட்டுப்படி ஏறுவது எவ்வளவு கடினம் என்பதை அன்றுதான் அறிந்தேன்.

அவர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "எட்டு மாதம் என் கண்ணை நானே சந்தேகப்பட்டேன், ஐயா" என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. அவரே உள்ளே சென்று சிறிய திருப்புளியை எடுத்துவந்தார். திரையைத் திருப்பிப் பொருத்தி, ஒட்டுநாடாவை ஒட்டி, பூதக்கண்ணாடியை வைத்து மேலும் கீழும் மாறிமாறிச் சோதித்தார். பழைய திரையையே மீண்டும் போட்டுவிடலாமா என்று கேட்டேன். "வேண்டாம், வெளிச்சத்தின்மேல் என்ன குற்றம்? இருக்கவேண்டிய இடத்தில் இருந்தால் நல்லதுதான்" என்றார்.

பிறகு இருவருமாக அந்தத் தாயாரின் மகளுடைய வீட்டுக்குச் சென்றோம். அவர் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, காப்பி கொண்டுவந்து வைத்தார். மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை, கடிந்துகொள்ளவும் இல்லை. மங்கலான அந்தப் படம் இன்றும் அவர்கள் வீட்டுச் சுவரில் இருக்கிறது. அந்த வீட்டில் ஜெபக்கூட்டம் நடக்கும்போதெல்லாம் என் கண் அந்தக் காலண்டரின் எண்களில்தான் போய் நிற்கும். சில தவறுகளை அறிக்கையிடலாம். திரும்ப எடுக்க முடியாது.

அன்பானவர்களே, இந்த வாரத்தில் உங்கள் வீட்டில் யாரைக் குறித்து "எனக்குத் தெளிவாகத் தெரிகிறது" என்று சொல்லிக்கொண்டிருக்கிறீர்கள்? மருமகளையா, சகோதரனையா, வேலையை இழந்து வந்து நிற்கும் மகனையா? உங்கள் தெளிவையே சாட்சியாக வைக்காதீர்கள். பார்க்கும் திரையைக் கழற்றி, தேவனுடைய சமுகத்தில் அளந்து பாருங்கள். ஏலி அன்னாளின் வார்த்தையைக் கேட்டவுடன் தன் தீர்ப்பை விட்டுவிட்டு அவளை ஆசீர்வதித்தான். நமக்கும் அந்தக் கிருபை வேண்டும். பிழை உங்கள் பக்கம் என்று கண்டால், அந்த வீட்டுப்படியை ஏறுங்கள். பாதிவழியில் திரும்பிவிடாதீர்கள்.

பெரியவர் மறுபடியும் படம் எடுக்கிறார். வருகிற ஞாயிறு ஆராதனைக்குப் பின் முதியவர்கள் சற்றுத் தங்கியிருக்கும்படி கேட்டிருக்கிறார்.

கர்த்தர்தாமே நம் பார்வையைச் செம்மைப்படுத்துவாராக. ஆமென்.