குடித்த பின் இரண்டு வார்த்தை

ஹெராயினை விட வருபவர்களுக்கு மாற்று மருந்தான மெத்தடோனை ஊற்றிக் கொடுத்ததும் பேச்சுக் கொடுப்பேன். "பசியாறியாச்சா அண்ணே?" பதில் வந்தால் மருந்து தொண்டையில் இறங்கிவிட்டது, வாயில் அடக்கி வெளியே கொண்டுபோகவில்லை என்று அர்த்தம். விதி கேட்பது அவ்வளவுதான். கோல சிலாங்கூர் பக்கம் கவுண்டரில் நின்ற வருடங்களில், நான் அந்தப் பதிலுக்காகவே காத்திருக்கப் பழகினேன்.

மலேசியாவில் இந்தச் சிகிச்சை 2005 அக்டோபரில் தொடங்கியது. ஊசி வழியே எச்.ஐ.வி. பரவிக்கொண்டிருந்த காலம். ஈஜோக், புக்கிட் ரோத்தான், பெஸ்தாரி ஜெயா தோட்டங்களிலிருந்து மோட்டார் சைக்கிளில் வருவார்கள். ஒரு மில்லி சிரப்பில் 5 மில்லிகிராம். 80 மில்லிகிராம் வேண்டியவருக்கு 16 மில்லி. அளவு சரியாக அமைந்தால் மறுநாள் வரை உடம்பு முறுக்காது, மூக்கு ஒழுகாது. பவுடர் என்கிற ஹெராயின் ஆசையும் மெல்ல அடங்கும்.

ஆனால் சிலரது சிறுநீர்ச் சோதனையில் சியாபு, அதாவது மெத்தாம்பெட்டமின், தெரியும்.

ஆரம்பத்தில் நான் வேலை பார்த்த ஓரிடத்தில், அப்படித் தெரிந்தால் மெத்தடோனைக் குறைப்பது வழக்கம். செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டுநர் ஒருவருக்கு நானும் குறைத்து ஊற்றினேன். மூன்றாவது வாரம் கையில் புது ஊசித் தழும்போடு வந்து நின்றார். சியாபு அப்படியே இருந்தது. விட்டிருந்த பவுடர் திரும்பிவிட்டது. அந்தக் கையை இன்றும் மறக்க முடியவில்லை.

மெத்தடோன் போய் உட்காருவது ஹெராயின் உட்காரும் இடத்தில். சியாபுவும் கோக்கைனும் வேறு வழிக்காரர்கள்: சியாபு மூளையில் டோபமைனைக் கொட்டவைக்கும், கோக்கைன் கொட்டியதை உள்ளே இழுக்கவிடாது. நம் பக்கம் கோக்கைன் அரிது. ஆனாலும் அமெரிக்காவில் கோக்கைனோடு பட்ட பாடு நமக்கும் பாடம். 1989இல் நான்சி மெல்லோ குழுவினர் குரங்குகளுக்கு, மெத்தடோனைப் போல இன்னொரு மாற்று மருந்தான பியூப்ரனார்பின் கொடுத்தபோது அவை கோக்கைன் எடுப்பது குறைந்தது. பெரிய நம்பிக்கை பிறந்தது. மனிதர்களிடம் அது நிலைக்கவில்லை. 1997இல் ஷாட்டன்ஃபெல்ட் குழு மெத்தடோனையும் பியூப்ரனார்பினையும் ஒப்பிட்டது. கோக்கைன் விஷயத்தில் வித்தியாசம் தெரியவில்லை.

இதனால் மெத்தடோன் அளவுக்கும் சியாபுவுக்கும் தொடர்பே இல்லை என்று நினைத்துவிடக் கூடாது. நான் முதலில் கேட்பது, "எப்ப எடுக்கிறீங்க?" விடியற்காலையில் என்றால், மருந்து ராத்திரியோடு தீர்ந்து, எழுந்து நிற்கவே சியாபு தேவைப்படுகிறதோ என்று பார்ப்பேன்; அப்படியானால் அளவை ஏற்றினால் பலன் உண்டு. மத்தியானத் தூக்கத்தை விரட்ட என்றால், அளவு கூடிப்போயிருக்கலாம். சம்பள நாளில் என்றால் அது கூட்டாளிகளோடு வரும் ஆசை; எந்தச் சிரப்பும் தொடாது. அதற்குப் பேச்சும், சுத்தமான சோதனைக்குச் சின்னப் பரிசும் பலன் தருகின்றன. இதயத் துடிப்புப் பரிசோதனையையும் தள்ளிப்போட மாட்டேன். மெத்தடோனும் சியாபுவும் சேர்ந்தால் இதயத்துக்குச் சுமை. மயங்கித் தள்ளாடி வருபவருக்கு அன்று ஊற்றக் கூடாது. அது தண்டனை அல்ல, உயிர்க் கணக்கு.

டாக்டரிடம் பேசி அந்த லாரி ஓட்டுநருக்குப் பழைய அளவான 16 மில்லியைத் திரும்ப வாங்கினேன். "எப்ப?" என்று அப்போதுதான் கேட்டேன்.

"ராத்திரி லோடு மிஸ்ஸி. கண்ணு சொருகுது."

பகல் லோடுக்கு மாறினார். அந்த மாதச் சோதனையில் சியாபு இல்லை. அடுத்த மாதம் இருந்தது. இரண்டு தடவையும் அதே 16 மில்லியைத்தான் ஊற்றினேன்.