இடது பக்கத்து ஆட்டம்

கொல்லிமலைக்குச் சைக்கிளில் ஏறும் எங்கள் கூட்டத்தில் யாருக்காவது பெடலைத் தாங்கும் கிராங்க் ஆட ஆரம்பித்தால், அது பெரும்பாலும் இடது கிராங்காகத்தான் இருக்கும். உடனே ஒருவர் ரைட் சகோதரர்களை இழுப்பார். “இடது பக்கம் எதிர் மரைங்க. ஏரோப்ளேன் விட்ட அண்ணன் தம்பி ரெண்டு பேரும் கண்டுபிடிச்சது. எதிர் மரைன்னா கழலத்தானே செய்யும்?” எல்லோரும் தலையாட்டிவிட்டுத் தண்ணீர் குடிப்பார்கள். 70 கொண்டை ஊசி வளைவு உள்ள பாதையில் மூச்சு வாங்க நிற்கிறவனுக்கு எந்தக் கதையும் சரியாகத்தான் தோன்றும். எனக்கு மட்டும் அது உறுத்திக்கொண்டே இருந்தது.

உறுத்தலுக்கு இன்னொரு காரணம் என் பெரியப்பா. அவரிடம் அம்பத்தூரில் செய்த ஹெர்குலிஸ் ஒன்று இருந்தது. கிராங்கைக் கழற்றி மாட்டிய ஒவ்வொரு தடவையும், “நாலு நாள் மிதிச்சுட்டு மறுபடி கொண்டுபோய் இறுக்கணும்” என்பார். கடைக்காரர் சொன்னதா, அவராகவே கண்டுகொண்டதா, எனக்கு நினைவில்லை. பல வருஷம் கழித்து, அலுமினியக் கிராங்க் போட்ட மவுண்டன் பைக்குக்கும் அதே வாக்கியத்தைச் சொல்லக் கேட்டேன். நண்பர் ஒருவர் அதைச் சிரத்தையாகக் கடைப்பிடித்தார். இறுக்கி இறுக்கி, அவருடைய இடது கிராங்க் சதுர ஓட்டையின் மூலையிலிருந்து வாய் பிளந்துகொண்டது. இந்த அறிவுரை எங்கிருந்துதான் கிளம்பியது என்று தேட ஆரம்பித்தது அதற்குப் பிறகுதான்.

முதலில் ரைட் சகோதரர்களின் கணக்கைத் தீர்த்துவிட நினைத்தேன். நினைத்ததைவிட அதிக நாள் பிடித்தது, காரணம் சுவாரசியம். ஒஹையோ மாநிலத்து டேட்டன் நகரில் கடை வைத்திருந்த அவர்கள், 1896 முதல் சொந்தமாகவே சைக்கிள் கட்டி விற்றார்கள். ‘வான் கிளீவ்’ அவர்களுடைய உயர்ந்த ரகம். 1900 வாக்கில், கழன்று விழாத பெடல் என்று அறிவித்தார்கள்: வலது பெடலுக்கு வழக்கமான மரை, இடது பெடலுக்கு எதிர் மரை. விமானத்துக்கான வேலைகள் நடந்த அந்தக் கடைக் கட்டடத்தையே 1930களில் ஹென்றி ஃபோர்டு பெயர்த்தெடுத்து, மிச்சிகனில் தன் அருங்காட்சியக வளாகத்தில் கொண்டுபோய் நட்டுவைத்தார். ஒரு சைக்கிள் கடைக்கு இதைவிடப் பெரிய மரியாதை கிடைத்திருக்க வழியில்லை.

ஆனால் அந்த எதிர் மரை, பெடல் கழலாமல் இருப்பதற்காக வைத்தது. எதிர் மரையால்தான் கழல்கிறது என்ற எங்கள் கூட்டத்துத் தர்க்கம் தலைகீழ். சந்தேகம் இருந்தால் ஒரு பென்சிலை முஷ்டிக்குள் தளர்வாகப் பிடித்து, அதன் மேல்நுனியை இன்னொரு கை விரலால் வட்டமாகத் தள்ளிப் பாருங்கள். நுனி வலமாகச் சுற்றினால் பென்சில் இடமாக உருளும். மரைக்கும் ஓட்டைக்கும் இடையில் மயிரிழை இடைவெளி இருந்தாலும் போதும், மிதிக்க மிதிக்கப் பெடலின் அச்சு ஓட்டைக்குள் இப்படித்தான் உருளும். இடது பெடலுக்கு வழக்கமான மரை இருந்தால் அந்த உருளல் அதைக் கழற்றிவிடும். எதிர் மரை இருப்பதால் இறுக்குகிறது.

எல்லாம் சரி, இது பெடலின் கதை. கிராங்க், இரண்டு பக்கத்தையும் இணைக்கும் பி.பி. ஆக்சிலில் மரை போட்டா நிற்கிறது? சதுர முனையில் ஏறி, நடுவில் ஒரு போல்ட்டுடன் நிற்கிறது. அந்தப் போல்ட்டுக்கு இரண்டு பக்கமும் ஒரே மரைதான். டேட்டன் வழி அங்கேயே முட்டிக்கொண்டு நின்றுவிட்டது.

பிறகுதான் சைக்கிள் கடை பாயிடம் போனேன். நாமக்கல்லில் ஒரு சந்துக்குள் கடை. பெரியப்பாவின் ஹெர்குலிஸ் ஓவராயிலுக்குப் போன கடை அதுதான் என்று வீட்டில் ஒரு பேச்சு. பாய்க்கு அப்படி யாரையும் நினைவில்லை. “பாய், இடது கிராங்க் ஏன் முதல்ல ஆடுதுங்க?” என்றேன். “ஆடும்” என்றார். “அதான் ஏன்னு கேக்கறேன்.” “ஆடும்னா ஆடும் தம்பி. காட்டர்பின் காலத்துலயும் அதுதான் ஆடுச்சு.” அதற்கு மேல் ஒரு வார்த்தை வரவில்லை. மறுபடி போனேன், டீ வாங்கிக் கொடுத்தேன், பஞ்சர் ஒட்டும்போது டியூபைப் பிடித்துக்கொண்டேன். காரணத்தை மட்டும் அவர் பேசவே இல்லை. செய்து காட்டினார்.

காட்டர்பின் என்பது விரல் நீளம்கூட இல்லாத இரும்புத் துண்டு. பெரும்பாலும் 9.5 மில்லிமீட்டர் கனம். ஒரு பக்கம் சரிவாகத் தட்டை, ஒரு முனையில் மரையும் நட்டும். கிராங்கின் ஓட்டை வழியாகக் குறுக்கே செருகினால், ஆக்சிலில் வெட்டியிருக்கும் தட்டையில் இந்தத் தட்டை போய் உட்கார வேண்டும். புதுப் பின் நேராக உட்காராது. பாய் அதை வைஸில் கடித்து, அரத்தால் சில இழுப்பு ராவி, வாசல் வெளிச்சத்தில் ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். அதிகமாக ராவினால் கிராங்க் கோணம் தவறி, இரண்டும் நேர்க்கோட்டில் நிற்காமல் வண்டி நொண்டும். “இந்தப் பக்கம் நட்டு மேலே பாத்தா, அந்தப் பக்கம் கீழே பாக்கணும்.” பிறகு கிராங்குக்கு அடியில் தரையிலிருந்து ஒரு குழாய்த் துண்டை முட்டுக் கொடுத்தார். முட்டு இல்லாமல் அடித்தால் அடி பால்ரஸில் இறங்கி கப்பில் குழி விழுந்துவிடும். சுத்தியலால் இரண்டு அடி. நட்டைக் கையால் சுற்றி, ஸ்பேனரால் ஒரு சின்னத் திருப்பு, அவ்வளவுதான். இன்னும் கொஞ்சம் முறுக்கலாமே என்றேன். “நட்டு இழுக்கறதுக்கு இல்ல தம்பி. புடிச்சுக்கறதுக்கு.”

பெரியப்பாவின் வாக்கியம் அங்கேதான் கிடைத்தது. பின் மென்மையான இரும்பு. நாலு நாள் மிதித்தால் நசுங்கி, ஆக்சிலின் தட்டையோடு இன்னும் நன்றாகப் படியும், கூடவே தளரும். அதனால் மறுபடி இரண்டு அடி அடித்து நட்டை இறுக்க வேண்டும். காட்டர்பின்னுக்கு அது பிசகில்லாத அறிவுரை.

1933-இல் பிரான்சின் ஸ்ட்ராங்லைட் நிறுவனம் பின்னே இல்லாத அலுமினியக் கிராங்கைக் கொண்டுவந்தது. ஆக்சிலின் முனை சதுரம், ஒவ்வொரு முகமும் 2 டிகிரி சரிவு. போல்ட்டை முறுக்கினால் கிராங்க் அந்தச் சரிவில் ஏறிக் கடித்துக்கொள்ளும். நம் ஊரில் ரேஞ்சர் வகை சைக்கிள்களோடு புழக்கத்துக்கு வந்த கியர் வண்டிகள் பலவற்றில் இருப்பதும் இதுவே. காட்டர்பின் போய்விட்டது, அதற்கான அறிவுரை மட்டும் பின்தங்காமல் கூடவே வந்துவிட்டது.

மவுண்டன் பைக் பிறந்த கலிபோர்னியாவின் மரின் பகுதியில் இந்தச் சிக்கலே இல்லை என்பது இன்னொரு வேடிக்கை. 1970களில் டமல்பாய்ஸ் மலைச் சரிவில் இறங்கியவர்கள் எடுத்துக்கொண்டவை பழைய ஷ்வின் வண்டிகள். அவற்றில் இரண்டு கிராங்கும் ஆக்சிலும் ஒரே இரும்புக் கம்பி, வளைத்துச் செய்தது. கழல்வதற்கு மூட்டே கிடையாது. எடையைக் குறைக்க அலுமினியத்துக்கு மாறியபோது மூட்டு வந்தது, மூட்டோடு ஆட்டமும்.

சதுர மூட்டைப் பற்றி நான் படித்தவற்றில் மனதில் நின்றது ஜாப்ஸ்ட் பிராண்ட் எழுதியது. போர்ஷேயிலும் ஹியூலெட் பேக்கார்டிலும் வேலை பார்த்த பொறியாளர், சைக்கிள் சக்கரத்தைப் பற்றி 1981-இல் ஒரு முழுப் புத்தகமே போட்டவர். பளுவில் அலுமினியக் கிராங்க் நெளிந்து நெளிந்து சரிவில் தானாகவே இன்னும் மேலே ஏறுகிறது என்கிறார். கிராங்க் உள்ளே போனதும் போல்ட்டின் தலைக்கு இறுக்கம் இல்லாமல் போகிறது. போல்ட் தளர்ந்திருப்பதைப் பார்த்து நாம் மறுபடி முழு விசையில் முறுக்குகிறோம், கிராங்க் இன்னும் ஏறுகிறது, கடைசியில் பிளக்கிறது. முறையாக ஒரு தடவை, 35 முதல் 40 நியூட்டன் மீட்டர் அளவில் இறுக்கியபின், போல்ட் சுழன்று வெளியே வந்துவிடாமல் பார்த்துக்கொண்டால் போதும். அதற்காகத்தான் போல்ட்டுக்கு மேல் அந்தச் சின்ன மூடி. அழகுக்கும் தூசிக்கும் என்று நினைத்து நாங்கள் தொலைத்துவிட்டு மறந்துபோகும் மூடி. நட்டு புடிச்சுக்கறதுக்கு என்று பாய் சொன்னதும் இதே சங்கதிதான்.

சரி, இடது ஏன்? வலது கால் மிதிக்கும்போது விசை வலது கிராங்கிலிருந்து அதோடு ஒட்டிய செயின் வீலுக்கு நேராகப் போய்விடுகிறது. ஆக்சிலை வளைக்கப் பார்க்கும், முறுக்காது. இடது கால் மிதித்தால் விசை இடது கிராங்க், ஆக்சில், வலது கிராங்க் என்று சுற்றித்தான் செயினை அடைய வேண்டும். அப்போது இடது மூட்டு வளைவையும் முறுக்கையும் ஒரே நேரத்தில் வாங்குகிறது. வலது மூட்டுக்கும் இரண்டும் உண்டு, ஆனால் தனித்தனி நேரத்தில். இடது அதிகமாக நெளிவது அதனால்தான்.

இதில் மலைக்கே உரிய இன்னொரு திருப்பம் உண்டு. அதைப் புரிந்துகொண்ட அன்று எனக்குத் தூக்கமே வரவில்லை. இறக்கத்தில் நாம் மிதிப்பதில்லை. இருக்கையிலிருந்து எழுந்து, இரண்டு பெடலையும் படுக்கைவாட்டில் வைத்து நிற்கிறோம். செயினில் இழுப்பே இல்லை, ஆனால் முன் பெடலை ஒரு கால் கீழே அழுத்த, பின் பெடலை மற்ற கால் கீழே அழுத்த, நடுவில் ஆக்சில் ஈரத்துணியைப் பிழிவதுபோல முறுக்கப்படுகிறது. வலது கால் முன்னால் இருந்தால் அந்த முறுக்கு, மிதிக்கும்போது வரும் முறுக்குக்கு நேர் எதிர்த் திசை. ஏற்றத்தில் ஒரு பக்கம், இறக்கத்தில் மறுபக்கம் என்று மூட்டு இருபுறமும் ஆட்டப்படுகிறது. இடது காலை முன்வைத்து நிற்பவருக்கு இரண்டும் ஒரே திசை. ஆக, கிராங்க் கழல்வதில் ஆளின் காலுக்கும் பங்கு உண்டு!

கம்பெனிகள் செய்ததைச் சுருக்கமாகச் சொல்லலாம். ஷிமானோ 1996-இல் எக்ஸ்.டி.ஆர். தொகுதியில், பற்கள் வெட்டிய தடித்த ஆக்சிலைக் கொண்டுவந்தது. போட்டியாக மற்றவர்கள் ஐசிஸ் என்ற பொது அளவைச் செய்தார்கள். மூட்டு உறுதியானது, ஆனால் ஃபிரேமின் குழல் பழைய அகலத்திலேயே இருந்ததால் பால்ரஸ் குண்டுகளுக்கு இடம் சுருங்கிச் சீக்கிரம் தேய்ந்தன. 2003-இல் ஷிமானோ ஆக்சிலை வலது கிராங்கோடு நிரந்தரமாகச் சேர்த்து, பால்ரஸைக் குழலுக்கு வெளியே வைத்து, இடது கிராங்கைக் குறுக்கே இரண்டு போல்ட்டால் கவ்வ வைத்தது. இன்றுவரை எனக்குப் பிடித்த ஏற்பாடு இதுவே. பழுது ஓயவில்லை, வேறு இடம் தேடிக்கொண்டது. 2023 செப்டம்பரில் அமெரிக்காவில் மட்டும் சுமார் 6,80,000 ரோடு சைக்கிள் கிராங்குகளை ஷிமானோ பரிசோதனைக்குத் திரும்ப அழைத்தது. உள்ளே பொள்ளலாக, இரண்டு துண்டை ஒட்டிச் செய்த கிராங்கில் அந்த ஒட்டு பிரிந்ததுதான் காரணம்.

குறுக்குப் போல்ட் வைத்த கிராங்கைப் பாயிடம் காட்டினேன். இடது கிராங்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “காட்டர்பின்னையே ரெண்டா வச்சிருக்கான்” என்றார். பற்களும் கவ்வலும் வேறு தத்துவம் என்று விளக்கினேன். கேட்டுக்கொண்டதாகத் தெரியவில்லை. ஆனால் இறுக்கும் போல்ட் ஆக்சிலுக்குக் குறுக்கே வந்துவிட்டது என்ற அளவில் அவர் சொன்னதை என்னால் மறுக்க முடியவில்லை.

அடுத்த ஏற்றத்தின்போது கூட்டத்தில் எல்லோரையும் பெடலில் எழுந்து நிற்கச் சொன்னேன். ஒருவரைத் தவிர எல்லோருக்கும் வலது கால் முன்னால். அந்த ஒருவருக்கு இடது கிராங்க் இதுவரை ஆடியதில்லை என்பது உண்மை. ஆனால் அவர்தான் எங்களில் எடை குறைந்தவர், மூடியைத் தொலைக்காதவரும் அவரே. இதை வைத்து நான் எதையும் நிரூபித்துவிட முடியாது. பாயிடமும் கேட்டேன், இறக்கத்தில் எந்தக் காலை முன்னால் வைப்பீர்கள் என்று. “முட்டி போயி வருஷக் கணக்காச்சு தம்பி” என்று வாசலில் நின்ற டி.வி.எஸ். எக்ஸெல்லைக் காட்டினார்.