மூன்று எழுத்து போதும்

சுவரில் தொங்கும் எழுத்து அட்டவணையை, உயிர்மெய் 216-ஐயும் சேர்த்து, ராகம் தப்பாமல் ஒப்பிக்கிற பிள்ளைகள் எல்லாப் பள்ளியிலும் உண்டு. அதே பிள்ளையிடம் ‘படம்’ என்று எழுதிக் கொடுத்தால் திகைத்து நிற்கும். வரிசையில் வரும்போது ‘டி’க்குப் பிறகு ‘டீ’ தானாக வாயில் வந்துவிடுகிறது. தனியாக ஒரு ‘டீ’யைக் காட்டினால் ட, டா, டி என்று விரல்விட்டு வந்துதான் சிலர் அதைச் சொல்வார்கள். ஒப்பித்தலைக் குறை சொல்லவில்லை. பிள்ளைகளுக்கு அது பாட்டு, பாடட்டும். ஆனால் அங்கே வேலை செய்வது காது. வாசிப்புக்குக் கண் பழக வேண்டும்.

என் பணிக்காலத்தின் பெரும்பகுதி ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியின் ஒன்றாம் வகுப்பில்தான் கழிந்திருக்கிறது. ஆசிரியர் பயிற்சியில் எழுத்து முறை, சொல் முறை, சொற்றொடர் முறை, கதை முறை என்று தனித்தனியாகப் படித்தோம். எழுத்திலிருந்து சொல்லுக்குப் போவதா, சொல்லிலிருந்து எழுத்துக்கு வருவதா என்பது பெரிய விவாதம். வகுப்பறையில் நான் விடாமல் பிடித்துக்கொண்டது ஒன்றைத்தான்: பிள்ளை முதலில் படிக்கும் சொல் அதன் வாயில் ஏற்கெனவே புழங்கும் சொல்லாக இருக்க வேண்டும். அதை முதல் வாரத்திலேயே பிள்ளை தானாக எழுத்துக் கூட்டிப் படித்துவிடவும் வேண்டும்.

அ, ஆவில் தொடங்கினால் இது நடக்காது. உயிரெழுத்து பன்னிரண்டையும் முடித்த பிறகும், அவற்றை மட்டும் வைத்து ‘ஈ’யைத் தவிர பிள்ளைக்குத் தெரிந்த சொல் எதையும் எழுத முடியாது. அதனால் நான் ட, ப, ம மூன்றில் தொடங்குகிறேன். ‘ட’வும் ‘ப’வும் நேர்கோடுகள். சிலேட்டில் குச்சி பிடிக்கத் தெரியாத கைக்கும் வரும். புளியங்கொட்டையை அடுக்கினாலும் வடிவம் கிடைத்துவிடும். இந்த மூன்றோடு புள்ளியும் சேர்ந்தால் படம், மடம், பட்டம், மட்டம் எல்லாம் வந்துவிடும். ‘படபட’, ‘மடமட’ என்று எழுதிப் போட்டால் வகுப்பே சிரிக்கும். எழுத்தில் இப்படியெல்லாம் இருக்குமா என்று அவர்களுக்கு வியப்பு. பிறகு ர, க, ல சேரும்போது மரம், பக்கம், கடல், பகல், பல், மலர், ரம்பம் என்று பலகை நிறைந்துவிடும். புதுக்கோட்டையில் அறிவொளி எழுத்தறிவு இயக்கம் நடந்த காலத்தில் பெரியவர்களுக்கான முதல் பாடம் ‘பட்டா’வில் தொடங்கியதும் இதே கணக்கில்தான். எழுத்து எளிது, சொல்லோ அவர்கள் வாழ்க்கையில் கனமானது.

எழுத்துகளைக் கொடுக்கும் வரிசையில் இன்னொரு கவனமும் வேண்டும். ப, ய இரண்டும் ஒரே வாரத்தில் வரக் கூடாது. ண, ன, ள மூன்றும் நெருங்கி வரக் கூடாது. ஒன்று கண்ணில் நன்றாகப் பதிந்த பிறகே அதன் சாயல் உள்ள அடுத்ததைக் கொண்டுவர வேண்டும்.

மூன்று எழுத்துச் சொல்லில் பிள்ளைகள் தடுமாறுவது புள்ளியில். ‘ப, ட, ம’ என்று மூன்றையும் முழுதாகச் சொல்லிவிட்டு விழிப்பார்கள். எழுத்துக்கு ஒரு கைதட்டு என்று வைத்துக்கொள்வோம். புள்ளி வைத்த எழுத்து வந்தால் தட்டாமல் கைகளை மூடிக்கொள்ள வேண்டும். ப, ட என்று தட்டிவிட்டு ‘ம்’முக்குக் கையை மூடும்போது வாயும் தானாக மூடிக்கொள்கிறது. இதைவிட நல்ல விளக்கம் எனக்குத் தெரியாது.

படத்தோடு சொல் அச்சிட்ட அட்டைகள் எல்லா வகுப்பிலும் இருக்கின்றன. அவற்றைக் கொஞ்சம் எச்சரிக்கையோடுதான் எடுப்பேன். பட்டம் பறக்கும் படத்தின் கீழே ‘பட்டம்’ என்று இருக்கும். சென்னையிலிருந்து வந்து சேர்ந்த பிள்ளை ‘காத்தாடி’ என்று தயங்காமல் படிக்கும். படத்தைச் சரியாகப் படித்துவிட்டது, எழுத்தைப் பார்க்கவே இல்லை. அதனால் படம் பேச்சுக்கு மட்டும். பேசி முடித்ததும் படத்தைக் கையால் மூடிவிட்டுச் சொல்லை மட்டும் காட்டுவேன்.

சொல் தெரிந்திருக்க வேண்டும் என்று நான் அடம்பிடிப்பதற்குக் காரணம் நம் எழுத்துக்குள்ளேயே இருக்கிறது. ‘பாம்பு’ என்ற சொல்லில் முதல் ப-வின் ஒலி வேறு, இரண்டாவதன் ஒலி வேறு. ‘கல்’, ‘தங்கம்’, ‘பகல்’ மூன்றிலும் க ஒரே ஒலியில் வருவதில்லை. எந்தப் பிள்ளைக்கும் இதை நான் விதியாகச் சொல்லிக் கொடுத்ததில்லை. பா, ம், பு என்று கூட்டும். பாம்பு என்ற சொல் மனதில் தட்டுப்பட்ட உடனே சரியான ஒலி நாக்கில் வந்துவிடும். தெரியாத சொல்லில் இந்த உதவி கிடைக்காது. ஔடதம், எஃகு என்று ஆரம்ப அட்டைகளில் இருப்பதைப் பார்க்கும்போதெல்லாம் வருத்தமாக இருக்கிறது. எழுத்துக்கு ஒரு சொல் வேண்டுமே என்பதற்காக, பிள்ளைக்கு எட்டாத சொல்லை அங்கே வைத்துவிடுகிறோம்.

உயிர்மெய்தான் தமிழ் வாசிப்பின் பெரிய வாசல். க, கா, கி, கீ என்று குறுக்கே படிப்பதோடு நிறுத்தாமல் மேலிருந்து கீழாகவும் போக வேண்டும்: கா, டா, பா, மா, லா. அப்போதுதான் கூடவே நிற்பது அந்தத் துணைக்கால் என்று பிள்ளை தானாகக் கண்டுபிடிக்கும். பிறகு நான் சொல்லித் தராத ‘ரா’வையும் படித்துவிடும். வாசிக்கக் கற்றதன் முதல் அடையாளமாக நான் எடுத்துக்கொள்வது அதைத்தான். 1978-இல் தமிழக அரசு பெரியாரின் எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்ற பிறகு ணா, றா, னாவும் இதே காலோடு வருகின்றன. அதற்கு முன் கற்பித்தவர்கள் அந்த மூன்றையும் விதிவிலக்காகத் தனியே சொல்லித்தர வேண்டியிருந்தது.

கொம்பு அப்படி எளிதில் வசப்படாது. ‘கெ’யில் கண் முதலில் பார்ப்பது கொம்பை, வாய் முதலில் சொல்ல வேண்டியதோ க-வின் ஒலியை. ‘கொடி’யில் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம், காலை ‘ர’ என்று எண்ணி ‘கெரடி’ என்று படிக்கிற பிள்ளைகள் உண்டு. கொம்பைப் பார்த்ததும் வாயைத் திறக்காமல் விரலை அடுத்த எழுத்துக்கு நகர்த்தி, அதற்கும் அடுத்து கால் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுச் சொல்லப் பழக்குகிறேன். இதற்கு நாள் பிடிக்கும். உகரம் இன்னும் சிக்கல். கு, டு, மு ஒரு மாதிரி; சு, பு, வு வேறு மாதிரி; து, நு, லு இன்னொரு மாதிரி. கடைசியில் சொல்லித்தரலாம் என்று ஒத்திப்போடவும் முடியாது; ஆடு, மாடு, பாட்டு, பாம்பு இல்லாமல் பிள்ளைகளோடு என்ன பேசுவது? அதனால் டு, கு, பு, து நான்கையும் விதி எதுவும் சொல்லாமல் தனி எழுத்துகளைப் போலவே முன்கூட்டிக் கொடுத்துவிடுகிறேன்.

ஒன்றாம் வகுப்பு முடிவதற்குள் எல்லா எழுத்தும் வந்தாக வேண்டும் என்று பெற்றோர் துடிக்கிறார்கள். கன்னடம் படிக்கும் பிள்ளைகளை ஆராய்ந்து சோனாலி நாக் 2007-இல் எழுதிய கட்டுரை, எழுத்துகள் முழுதும் வசப்பட நான்காம் வகுப்பு வரைகூட ஆகலாம் என்று காட்டியது. இருபத்தாறு எழுத்து உள்ள ஆங்கிலத்தின் வேகத்தை நம் மொழிகளிடம் எதிர்பார்ப்பது பிள்ளைக்குச் செய்யும் அநீதி. 2022-இல் வந்த ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்ததை இந்தக் காரணத்துக்காகவே வரவேற்கிறேன். இருக்கும் இடத்திலிருந்து பிள்ளையைத் தொடங்கவிடுகிறது.

முழுச் சொல்லை வடிவமாக அடையாளம் காண்பதற்கும் இடம் இருக்கிறது. நியூசிலாந்தில் மாவோரிப் பிள்ளைகளுக்குக் கற்பித்த சில்வியா ஆஷ்டன்-வார்னர், ஒவ்வொரு பிள்ளையிடமும் உனக்கு என்ன சொல் வேண்டும் என்று கேட்டு, அதை அட்டையில் எழுதிக் கையில் கொடுத்தார். 1963-இல் வந்த ‘டீச்சர்’ என்ற நூலில் இதை விரிவாக எழுதியிருக்கிறார். நானும் பழைய கல்யாணப் பத்திரிகைகளை வெட்டி, பின்பக்கத்தில் எழுதித் தருகிறேன். கேட்கிற சொற்கள்: புரோட்டா, டிராக்டர், ஆயா, பேய். எழுத்து எதுவும் தெரியாமலே ‘பேய்’ அட்டையைக் குவியலிலிருந்து உருவிவிடுவார்கள். மறுநாள் அதன் பக்கத்தில் ‘பாய்’ என்று ஓர் அட்டையை வைப்பேன். இரண்டும் பேய் என்பார்கள். யாராவது ஒரு பிள்ளை, “மிஸ், இதுல கொம்பு இல்ல” என்று சொல்லும். அங்கிருந்து நாய், காய், வாய், பொய் என்று போய்விடலாம். வடிவமாகப் பிடித்த சொல் அந்த இடத்தில்தான் எழுத்தாகப் பிரிகிறது. பிரியாவிட்டால் அட்டைகள் பெருகப் பெருக நினைவு திணறிவிடும்.

வாழைப்பழம் என்று எழுதியிருப்பதை ‘வாளப்பளம்’ என்று படிக்கிற பிள்ளையை நான் நிறுத்துவதில்லை. அது படித்துவிட்டது, பழம் மனதில் வந்துவிட்டது. ழகரத்தை வேறொரு நாளில் வேறொரு விளையாட்டில் பழகலாம். வாசிப்பின் நடுவில் திருத்தினால், பிள்ளை பொருளைக் கைவிட்டு நம் முகத்தைப் பார்க்கத் தொடங்கிவிடுகிறது. ‘அம்மா வந்தாங்க’ என்று சொன்னால் அப்படியே பலகையில் எழுதிப் படிக்கவைத்துவிட்டு, புத்தகத்தில் ‘வந்தார்கள்’ என்று இருக்கும் என்று பக்கத்தில் எழுதிக் காட்டுவேன். இரண்டும் அவர்களுக்கு வேண்டும்.

மூன்றாம் வகுப்புக்கு வந்தும் படிக்கத் தெரியவில்லை என்று அனுப்பப்படும் பிள்ளைகளும் என்னிடம் வருவார்கள். அவர்களை மறுபடி அ, ஆவுக்கு இழுத்துப் போவதில்லை. பத்துப் பதினைந்து சொற்களைப் படிக்கச் சொன்னாலே எந்தக் குறியில் தடை என்று தெரிந்துவிடும். பெரும்பாலும் கொம்பு, இல்லையென்றால் உகரம். அந்த ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு, மேலிருந்து கீழாக எழுத்துகளில் ஏற்றி, உடனே சொற்களுக்குப் போய்விடுவோம். கூடவே அந்தப் பிள்ளையின் பாடநூலை அதன் கையிலேயே கொடுத்து, படிக்க முடிகிற சொற்களுக்கு அடியில் பென்சிலால் கோடு போடச் சொல்வேன். நாளுக்கு நாள் கோடுகள் கூடிக்கொண்டே போகும். விடுபட்ட சொற்களை நான் எண்ணுவதில்லை.