தலைக்கவசம்

1935ஆம் ஆண்டு மே மாதத்தில் ஒருநாள், ‘அரேபிய லாரன்ஸ்’ எனப் புகழ்பெற்றவர் இங்கிலாந்தின் டார்செட் பகுதியில் மோட்டார் சைக்கிளில் விரைந்து சென்றார். மிதிவண்டிகளில் சென்ற சிறுவர் இருவர்மேல் மோதாவண்ணம் ஒதுங்க முயன்றபோது தூக்கி எறியப்பட்டார். போர்க்களங்களில் பிழைத்த அத்தலைக்கு அன்று கவசம் இல்லை. ஆறு நாள் நினைவிழந்து கிடந்து உயிர்நீத்தார். அவருக்குச் சிகிச்சையளித்த மருத்துவருள் ஒருவர் ஹியூ கேர்ன்ஸ். அவர் பின்னர் இத்தகைய விபத்துகளை ஆராய்ந்து, தலைக்கவசம் உயிர் காக்கும் என்பதை 1941இல் எடுத்துக்காட்டினார்.

ஆயினும், கவசம் என்ற பெயருடைய யாவும் எல்லா ஊர்திக்கும் பொருந்துமா? மின்விசையால் ஓடும் ஒற்றைச்சக்கர ஊர்தியைக் காண்க. பற்றிக்கொள்ளக் கைப்பிடி இல்லை. சக்கரத்தின் இருமருங்கும் உள்ள மிதிகளில் நின்று, முன்னே சாய்ந்தால் ஓடும். பின்னே சாய்ந்தால் வேகம் தணியும். சாய்ந்த உடலைத் தாங்குவது மோட்டாரின் விசையே. அது போதாமற்போன கணமே ஓட்டுநர் முகங்குப்புற வீழ்வார். மிதிவண்டிக் கவசமோ உச்சியை மூடும், மோவாயை மூடாது. ஆதலின் மோவாயையும் சேர்த்து மூடும் கவசமே இதற்கு ஏற்றது. கடையில் வண்ணம் நோக்குவார் பலர். அளவு நோக்குவார் சிலரே! வாரைப் பூட்டித் தலையை அசைத்தால் கவசம் தனியே சுழலலாகாது.

உள்ளே தெர்மாகோல் போன்ற நுரைப்பொருள் உண்டு. தான் நசுங்கி மோதலின் விசையை ஏற்பது அதுவே. ஒருமுறை நசுங்கியது மீண்டும் பழைய நிலைக்கு வாராது. எனவே மோதுண்ட கவசம் வெளியே பளபளத்தாலும், அறிந்தவர் அதனை மறுமுறை அணியார்.